டெரோசாரின் பதினோரு அச்சுக் குறைகள்

பாடநூல் அச்சகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில் இருபத்து மூன்று வருடங்களாக உட்கார்ந்து படம் வரைகிறவரை எல்லோரும் டிராயிங் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலிலும் புத்தகங்களின் கடைசிப் பக்கத்திலும் மட்டும் இருக்கிறது. செம்பருத்தியின் குறுக்குவெட்டு, தவளையின் குடல், எரிமலையின் வயிறு எல்லாம் அவர் கைவேலைதான். நல்ல கை. ஆனால் நல்ல கைக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு.

அது வேலையில் சேர்ந்த புதிதிலேயே வந்துவிட்டது. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. "நாளைக்குக் காலைல ஒரு டெரோசார் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். டைனோசர் காலத்தில் வானத்தில் பறந்த ஊர்வன என்பதற்கு மேல் மேடத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கைக்குக் கிடைத்தவை ஒரு சினிமா சுவரொட்டியும், கடையில் வாங்கிய ரப்பர் பொம்மையும். ஆழம் தெரியாமல் காலை விட்டார். இறக்கையை வௌவாலிடமும், பல்லை முதலையிடமும், நகத்தைக் கழுகிடமும், மொட்டைத் தோலைப் பல்லியிடமும் வாங்கிப் போட்டார். அப்படியும் படம் என்னவோ வெறிச்சென்று இருந்தது. அதனால் அதன் காலில் ஓர் ஆளைப் பிடித்துத் தொங்கவிட்டார். இடுப்பில் தோல் சுற்றி, வாயைப் பிளந்து அலறும் ஆதிமனிதன்.

டெரோசார்கள் அழிந்து ஆறு கோடி வருடங்களுக்கும் மேலான பிறகுதான் மனிதன் வந்தான் என்று ஒப்புதல் குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். வருடத்துக்கு ஆறு லட்சம் புத்தகங்களில் அந்த ஆள் தொங்கினான்.

பன்னிரண்டு வருடங்கள் நிம்மதியாகப் போயின. பிறகு நாத்தனார் வந்தார்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளுக்குத் தூசி தட்டுகிற வேலை. அன்று மாலை ஒரு செருப்பைக் கழற்றி, மறு செருப்போடேயே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்தாங்க. மேல தொங்குற டெரோசார் எலும்பைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. என்னன்னு கேட்டா, 'இது டூப்பு, எங்க புக்குல இருக்கறதுதான் ஒரிஜினல், அதுக்குப் பல்லு இருக்கு'ன்னு சொல்லுதுங்க. புக்கை வாங்கி யாரு வரைஞ்சதுன்னு பாத்தா நம்ம அண்ணி!"

"படத்துல இப்ப என்ன தப்பைக் கண்டுட்ட?"

"அந்த இனத்துல பல்லு இருக்கறதும் உண்டாம். ஆனா தலையில இவ்ளோ பெரிய கொண்டை வச்ச இதுக்குக் கிடையாது. ஏழு வருஷமா நான்தான் அது வாயைத் துடைக்கிறேன். பல்லு இருந்தா துணி மாட்டாதா?"

வீட்டுக்காரர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்குக் கல்யாணமான மறுநாளே தெரிந்த விஷயம்.

"உனக்குத் துடைக்கத் தெரியும், எனக்கு வரையத் தெரியும். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்" என்றார் மேடம்.

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எந்த அண்ணி எந்த நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்? அந்த வாரமே நூலகத்துக்குப் போய் நாலு புத்தகங்களைப் புரட்டினார். நாத்தனார் சொன்னது சரி. பல் மட்டுமா தப்பு? அலகின் நுனியிலிருந்து கால் நகம் வரை சரியாக இருந்தது கொண்டை ஒன்றுதான். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தார். எழுபத்திரண்டு லட்சம்.

திருத்திவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் முத்திரை சார் இருக்கிறார். அச்சகத்தின் மேற்பார்வையாளர். முத்திரை குத்தாத தாளை அவர் தாளாகவே மதிப்பதில்லை. குழு ஒப்புக்கொண்ட படத்தைத் தொடக்கூடாது என்பது விதி. கறை, கீறல் போன்ற அச்சுக் குறை இருந்தால் மட்டும், வருடத்துக்கு ஒரே ஒரு முறை, இரண்டு விரல் அகலத்துக்குள் வரைந்து சரிசெய்யலாம். அதற்கு ஒரு சீட்டு, சீட்டில் அவர் முத்திரை.

மேடம் ஒரு வாரம் யோசித்தார். பிறகு அச்சுக்குப் போகும் நகலில், டெரோசாரின் தாடையில் ஒரு சொட்டுத் தேநீரை விட்டார்.

சீட்டு எழுதினார், முத்திரை விழுந்தது, தாடை புதிதானது. பற்கள் போயின. அடுத்த வருடம் இறக்கையில் பசை சிந்திற்று. அதற்கடுத்த வருடம் முதுகில் மை கொட்டிற்று. "உங்க மேசைக்கு என்னமோ கண் பட்டிருக்கு மேடம்" என்று வருத்தப்பட்டபடியே முத்திரை குத்துவார் சார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மேடம் வருடத்துக்கு ஒரு கீற்றாக நறுக்கி மறைத்தார்.

நூலகப் புத்தகங்களில் வரைகிற அளவுக்கு விவரம் இல்லை. எலும்பை நேரில் பார்க்கப் போயிருக்கலாம். போனால் நாத்தனாருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தோற்றதாகிவிடும். அதனால் நாத்தனாரின் வாயைக் கிளறுவது என்று முடிவு செய்தார்.

"வௌவால் மாதிரிதான். எல்லா விரலும் இறக்கைக்குள்ளயே இருக்குமாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

நாத்தனாருக்குப் பொறுக்காது. "யாரு சொன்னது? ஒரே விரல்! நாலாவது விரல் மட்டும் ஒட்டடைக்குச்சி நீளத்துக்குப் போகும், இறக்கையை அதுதான் தாங்குது. மத்த மூணும் குட்டிக் குட்டியா நகத்தோட முன்னாடி நிக்கும். மூணையும் தனித்தனியாத் துடைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"எனக்கென்னம்மா தெரியும்" என்று அடுப்படிக்குள் போய், கடைச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று குட்டி விரல்களை வரைந்துகொள்வார்.

"பாவம், மொட்டையாப் பறந்திருக்கு" என்று இன்னொரு வருடம் இரக்கப்பட்டார். "மொட்டையா? கண்ணாடிப் பெட்டியில ஒரு கல்லு இருக்கு, உடம்பைச் சுத்திப் பூனை ரோமம் மாதிரி பதிஞ்சிருக்கு, வந்து பாருங்க" என்று பதில் வந்து விழுந்தது. கோழி மாதிரி இரண்டு காலில் நடந்ததாமே என்றார் மற்றொரு வருடம். அருங்காட்சியகத் தரையில் பதித்திருக்கும் காலடித் தடங்களைச் சுற்றித் தினமும் ஈரத்துணி போடுகிறவர், தரைக்கு இறங்கினால் கையையும் ஊன்றி நாலு காலில்தான் நடக்கும் என்று கூடத்திலேயே குனிந்து நடந்து காட்டினார். பின்னணியில் பாறைமேல் கோழி போல நின்ற குட்டி டெரோசார் அந்த வருடமே கரப்பான் அரித்துப் போய், நாலு காலில் ஊன்றி நிமிர்ந்தது.

தொங்கிய ஆளை இறக்கத்தான் நாளாயிற்று. அந்தக் கால்களுக்குக் கழுகு போலக் கவ்விப் பிடிக்கவே வராது என்று தெரிந்தபின், அவனை அங்கே விட்டுவைப்பது மேடத்துக்கே பொறுக்கவில்லை. ஆனால் ஆள் ஆறு விரல் நீளம், விதியோ இரண்டு விரல். முதல் வருடம் தலை போயிற்று. தலையில்லாத ஆள் ஒரு வருடம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் தொங்கினான், ஓர் ஆசிரியர்கூடக் கேட்கவில்லை. அடுத்த வருடம் உடம்பு. அதற்கடுத்த வருடம் பாதங்கள்.

பதினோராவது வருடம் அச்சகத்துக்குக் கணினி வந்தது. எல்லாப் படங்களையும் இரும்பு அலமாரியிலிருக்கும் ஒப்புதல் பெற்ற மூலப்படத்திலிருந்து எடுத்துக் கணினியில் ஏற்றவேண்டும் என்று உத்தரவு. முத்திரை சார் மூலப்படத்தையும் நடப்பு வருடப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேடத்தைக் கூப்பிட்டார்.

"மேடம், இதுல ஒரு ஆள் தொங்கிட்டிருந்தாரே, அவர் எங்க?"

"இறங்கிட்டாரு சார்."

"எப்ப?"

"மூணு வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினாரு. நீங்கதான் சார் முத்திரை குத்தினீங்க."

பதினோரு சீட்டுகளையும் எடுத்து வைத்தார் மேடம். பதினொன்றிலும் ஊதா முத்திரை பளிச்சென்று இருந்தது. சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில் மேடத்துக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

"எது நிஜம்ங்கறது எனக்குத் தெரியாது மேடம். குழு ஒத்துக்கிட்டது இந்தப் படம். அடுத்த வருஷத்துலேர்ந்து இதுதான் போகும். கணினியில ஏத்தியாச்சுன்னா அப்புறம் யாராலயும் தொட முடியாது."

பதினோரு வருடப் பாடு ஒரு நிமிடத்தில் போயிற்று. அந்த ஆள் மறுபடியும் ஏறித் தொங்கப்போகிறான், அதுவும் நிரந்தரமாக. மேடத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷர்தான் சார், ஆனால் கல்நெஞ்சர் இல்லை. அடி இழுப்பறையைத் திறந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்தார்.

"உள்ளடக்கப் பிழைப் படிவம். ரெண்டு கையெழுத்தும் இருந்தா முத்திரை குத்தியே ஆகணும், குழுவால தடுக்க முடியாது. விதி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"ஏன் சார்?"

"வாசிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வாசித்தார். பிழையைச் செய்தவர் யார், கையெழுத்து. பிழையை முதலில் சுட்டிக்காட்டியவர் யார், அவரது தகுதி, கையெழுத்து. இருபத்து மூன்று வருடங்களாக அந்தப் படிவம் ஏன் யார் கையிலும் படவில்லை என்பது புரிந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் தடவையாக அருங்காட்சியகத்துக்குப் போனார். போகும்போது மனசில் இருந்தது நாத்தனார் அல்ல. அங்கே வரும் ஆராய்ச்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் காரியமும் ஆகும், கௌரவமும் மிஞ்சும் என்பதுதான் கணக்கு.

கூடத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே, சுவருக்குச் சுவர், அது இறக்கையை விரித்திருந்தது. கீழே ஏணி. ஏணியின் உச்சியில் நாத்தனார், ஒரு சின்னத் தூரிகையால் குட்டி விரல்களை ஒவ்வொன்றாக, குழந்தைக்கு நகம் வெட்டுகிற பதத்தில் துடைத்துக்கொண்டிருந்தார். தன் கையிலிருக்கும் தூரிகையை ஒருநாளும் இவ்வளவு பொறுமையாகப் பிடித்ததில்லை என்று மேடத்துக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"அண்ணி! யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறி இறங்கினார் நாத்தனார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ சொன்னதுதான் சரி. நான் வரைஞ்சது தப்பு. அன்னிக்கு உன்னைப் பேசினதும் தப்பு."

நாத்தனார் தூரிகையை இடுப்பில் செருகிக்கொண்டார். "இதுக்குத்தானே பதினோரு வருஷமா என் வாயைக் கிளறிட்டிருந்தீங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? யாராவது வருஷம் தவறாம வௌவாலைப் பத்திச் சுவத்துக்கிட்டப் பேசுவாங்களா? எப்ப வாயைத் திறந்து சொல்றீங்கன்னு நானும் பாத்துட்டேதான் இருந்தேன்."

மேடம் படிவத்தை நீட்டினார். பிழையைச் செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்தைப் பார்த்ததும் நாத்தனாரின் குறும்பெல்லாம் அடங்கிவிட்டது.

"தகுதி கேட்டிருக்கு அண்ணி. நான் எட்டாவதோட நின்னவ. ஆராய்ச்சி சார் உள்ளதான் இருக்காரு, கூப்பிடட்டுமா? அவர் பேருக்குப் பின்னால ரெண்டு வரிக்குப் பட்டம் இருக்கு."

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது மேடத்துக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு வரிதான். இப்போது வேண்டியிருக்கவில்லை. நாத்தனாரின் முழுப் பெயரை எழுதினார். தகுதி என்ற இடத்தில், புத்தகத்தில் படங்களுக்குக் கீழே எழுதுவாரே, அந்த அழகான கையெழுத்தில் எழுதினார்: 'பதினெட்டு வருடங்களாக இதன் ஒவ்வொரு எலும்பையும் தன் கையால் துடைத்துக் காத்து வருபவர்.'

நாத்தனார் ஒரு தரம் வாசித்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"இதை ஒத்துக்குவாங்களா?"

"தகுதின்னுதானே கேட்டிருக்கு? பட்டம்னு கேக்கலையே."

நாத்தனார் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, இதை அண்ணன்கிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. தங்கச்சி என்ன வேலை பாக்கறான்னு யாராவது கேட்டா, அவரு குரலைத் தாழ்த்திக்கிட்டுத்தான் சொல்றாரு."

அன்று மாலை மேடம் வீட்டுக்காரரின் கையிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுப் படித்துக் காட்டினார். அவர் மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தார்.