போடிமெட்டு வழியாகப் பதினாறு படி விதைநெல்

வைகாசி கடைசி. 1974. சாந்தன்பாறையிலிருந்து முருகன் கடிதம் போட்டிருந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன். இப்போது ஏலத்தோட்டத்தில் கணக்கர். தோட்டத்தார் பள்ளத்தில் அரை ஏக்கரைத் தொழிலாளர்களுக்கு நெல் போட விட்டிருந்தார்கள், ஒரு வருஷத்துக்கு மட்டும். விளையாவிட்டால் அதிலும் ஏலம். போன முறை குட்டை நெல் போட்டு, உரம் வாங்க முடியாமல் பதராகிவிட்டது. 'உரம் கேட்காத உங்கள் நெட்டை நெல் வேண்டும். மழைக்கு முன்.'

கொழிஞ்சாம்பாறையில் காலை ஐந்தரைக்குப் பஸ். பொள்ளாச்சி, பழனி, தேனி. பஸ் மாறி மாறி, போடிக்கு மாலை ஐந்து. அறை வாடகை மூன்று ரூபாய். மூட்டைப்பூச்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பூச்சி அண்டாதிருக்க அம்மா விதையில் சாம்பலும் நொச்சி இலையும் கலந்து கட்டியிருந்தார். பஸ்ஸில் அடுத்தவர் வேட்டியில் படுமே என்று, அம்மாவுக்குத் தெரியாமல் சலித்து எடுத்துவிட்டேன். நெல் பளிச்சென்று இருந்தது. எனக்குத் திருப்தி.

மறுநாள் ஆறு மணிக்கு ஜீப். இரண்டு ரூபாய். ஊர்த் திருவிழா முடிந்து தோட்டத்து லய வரிசை வீடுகளுக்குத் திரும்பும் ஏழு பெண்கள், நான், மூட்டை. போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர். வளைவுகளை எண்ணத் தொடங்கி, பனியில் விட்டுவிட்டேன்.

மெட்டில் கேரள எல்லை; நெல்லும் அரிசியும் எல்லை தாண்டத் தடை இருந்த காலம். சோதனைச் சாவடி அதிகாரி மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளினார்.

"நெல்லு கடத்துறியா தம்பி?"

"விதைங்க சார்."

"சாம்பல் எங்க? எல எங்க? மில்லுக்குப் போற நெல்லு கணக்கா மினுக்குது. வெதைய எவன் இப்பிடிக் கட்டுவான்?"

"நான்தானுங்க சலிச்சேன்."

ஜீப்புக்குள் சிரிப்பு. "படிச்ச புள்ள சார், வெதைக்குப் பவுடர் போட்டுக் கூட்டியாந்திருக்கு."

அவரும் சிரித்தார். ஆனால் மூட்டையை விடவில்லை. "ஆளுக்கு ரெண்டு படின்னா வீட்டுச் செலவுன்னு விடலாம். மூட்டைய விட்டா என் வேலை போயிரும்."

பேச்சி என்ற பெண் முதலில் இறங்கி முந்தானையை விரித்தாள். "அளந்து போடுங்கண்ணே. நாங்க ஏழு பேரு இருக்கோம்ல."

"ஏன்த்தா, உங்க வீட்டுக்குன்னு அரிசி ஒண்ணும் வாங்கியாரலியா?" என்றார் அதிகாரி.

"திருவிழாவுல துட்டு எங்க சார் மிஞ்சுது?"

டீக்கடையில் படி வாங்கினேன். எட்டுப் பேர். பதினாறு படி. என் இரண்டு படி துண்டில், வெறும் சாக்கு மடியில்.

அங்கிருந்து பூப்பாறைக்கு இறக்கம். ஒவ்வொருத்தியும் தன் தோட்டத்து வழியில் இறங்கும்போது முந்தானையைச் சாக்கில் உதறினாள். ஓரத்தில் ஒட்டிய மணிகளைக்கூடத் தட்டினாள்.

கடைசியில் பேச்சி. ஒரு படி அளவுக்குக் கொட்டினாள். மிச்சத்தை முடிந்துகொண்டாள்.

"லயத்துல நாலு நாளா ரேசன் வரல. இது கஞ்சிக்குப் போயிரும்ணே. சொல்லிட்டுத்தான் எடுக்கேன்."

விதை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் தெரியாதா? "சரிங்க" என்றேன்.

சாந்தன்பாறை, பகல் பதினொன்று. முருகன் இரண்டு முறை அளந்தான்.

"ஒரு படி குறையுதேடா."

சொன்னேன். சாக்கின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். முழு அளவுக்கே போதுமா என்று பயந்துகொண்டிருந்தவன்.

"சொல்லிட்டா எடுத்தா?"

"ஆமா."

"அப்பச் சரி. நாத்தக் கலக்க, தள்ளித் தள்ளி நடுவோம். நெட்ட நெல்லு, எடம் குடுத்தா தூர் வெடிக்கும்."

நாளைய சோற்றைப் பற்றி நாங்கள் கல்லூரியில் நிறையப் பேசியிருக்கிறோம். உலக ஜனத்தொகை, உணவு உற்பத்தி, வரைபடங்கள். அவற்றில் இன்றைய கஞ்சிக்கு ஒரு கட்டம் இல்லை.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: போடியில் ஆறு மணி ஜீப்பை விட்டால் அடுத்தது பத்துக்கு. கம்பளி அவசியம். விதை கொண்டுபோனால் சலிக்காதீர்கள். ஜீப்பில் பெண்கள் ஏறிய பிறகு ஏறுங்கள். அவர்கள் வேலைக்குப் போகிறார்கள்.

இரண்டு நாள் தங்கினேன். பதினைந்து படியையும் ஊறவைத்து, முளைகட்ட மூட்டம் போட்டு, மூன்றாம் நாள் காலை நாற்றங்காலில் விதைத்தோம். மத்தியானம் மழை.

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முருகன் கேட்டான்.

"அவ எந்தத் தோட்டம்? அறுப்புக்குச் சொல்லி அனுப்பணும்."