சிறகுக்குள் ஒரு மொட்டைத் தலை

ஒருவரைப் பழிவாங்கிவிட்டதாக நினைத்து, முப்பது வருடம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த மடையன் நான். அந்த ஆள் அதை வைத்தே பேர் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அதுவும் ரவாங்கில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

மகள் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்து படிக்கிறாள். ஓவியப் பாடத்துக்கு அவள் எடுத்த கருப்பொருள் வண்ணத்துப்பூச்சி. வரைவதற்கு முன், வண்ணத்துப்பூச்சி வரைந்த மூன்று ஓவியர்களைத் தேடிப் படித்து எழுத வேண்டுமாம். எங்கள் காலத்தில் ஓவியப் பாடம் என்றால் ரம்புத்தான் பழத்தை எதிரில் வைத்து வரைவோம், வரைந்து முடித்ததும் தின்போம். அவ்வளவுதான் ஆராய்ச்சி. இவளுக்குப் பட்டுத்துணியில் வரையும் ஜப்பான்காரி ஒருத்தியும், தகரத்தில் இறக்கை வெட்டும் மெக்சிகோக்காரர் ஒருவரும் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் உள்ளூராக இருக்க வேண்டும்.

“கெடச்சிட்டாருப்பா. கோல சிலாங்கூர் லா. உங்க ஊரு.”

கைப்பேசியை நீட்டினாள். பழைய படங்களைப் போடும் ஒரு பக்கம். பாலர் பள்ளிச் சுவர் முழுக்க வண்ணத்துப்பூச்சிகள். கீழே எழுதியிருந்தது: ‘ஓவியர் சிங்காரம் தன் முகத்தையே சிறகுகளில் கரைத்துவிட்டார். கலைஞன் வேறு, வண்ணத்துப்பூச்சி வேறு அல்ல.’

குடித்த தேநீர் மூக்கு வழியாக வந்தது.

மகளின் சாயங்களுக்கு வாசமே இல்லை. அந்தக் காலத்தில் என் சாயத்துக்குப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாசம். பள்ளி முடித்ததும் கோல சிலாங்கூர் பக்கத்தில், புக்கிட் ரோத்தானில் சிங்காரத்தின் விளம்பரப் பலகைக் கடையில் சேர்ந்தேன். சட்டை, தலையணை, சோறு எல்லாம் அந்த வாசம்தான். கொசுகூடப் பக்கத்தில் வராது. பெண்கள் எங்கே வருவார்கள்? சிங்காரம் எழுத்தில் கெட்டிக்காரர். ஆனால் பசு வரைந்தால் ஆடு வரும். அதனால் எழுத்து அவர் கை, உருவமெல்லாம் என் கை. கீழே கையெழுத்து மட்டும் எப்போதும் அவருடையது.

பாலர் பள்ளிச் சுவரை முடித்த அன்று, எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார், கோயிலுக்குக் கட்டும் சேலையில். “எம்மவன் வரைஞ்சதுங்களா முதலாளி?” என்று கேட்டார்.

“இவனா? பிரஷ் கழுவுற பையன்மா. நல்லா கழுவுவான்.”

அம்மா கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு லயத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: “எம்மவன் டவுன்ல பெரிய ஆர்ட்டிஸ்டுக்குப் பிரஷ் கழுவுறான்.” அந்தப் பெருமை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள், சின்னச் சின்னத் திருத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் போனேன். ஒவ்வொரு சிறகிலும் கண் மாதிரி ஒரு வட்டம் இருக்குமல்லவா, ஒவ்வொரு வட்டத்திலும் சிங்காரம். மொட்டைத் தலை, துடைப்ப மீசை, வெற்றிலை அடக்கிய கன்னம், மூக்கையே பார்க்கும் மாறுகண். ஊர் பார்க்கட்டும், சிரிக்கட்டும், அப்புறம் அம்மாவிடம் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

ஊர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் அந்தச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் நான் மட்டும் சிரிப்பேன். பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடம் பார்ப்பார். காத்திருந்ததில் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“நாந்தான் வரைஞ்சேன்,” என்றேன் மகளிடம், மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டே.

“ப்ரூஃப் இருக்காப்பா? டீச்சர் நம்ப மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தானுக்கு வண்டியை விட்டேன். வழி முழுக்க வசவுகளை ஒத்திகை பார்த்தேன். சில நன்றாகவே வந்திருந்தன. சிங்காரம் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீசைக்கு மட்டும் கறுப்புச் சாயம். பேட்டி என்று சொல்லி, மகள் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தாள்.

“அந்தச் செறகுல இருந்த மூஞ்சிய வரைஞ்சது யாரு, முதலாளி?” என்றேன் நான்.

“நீதான்டா, வேற யாரு? மறுவாரமே பாத்துட்டேன் லா.”

“அப்ப ஏன் அழிக்கல?”

“நல்லா வந்திருந்திச்சி. அதுவரைக்கும் எவனும் என்னைய வரைஞ்சதில்ல. பொறவு நம்ம தொகுதி ஒய்.பி. வந்து, ஒங்களயே வரைஞ்சிருக்கீங்களான்னாரு. ஆமான்னுட்டேன்.”

“எங்கம்மாகிட்ட பிரஷ் கழுவுறவன்னு சொன்னீங்க.”

“கழுவுனியா இல்லியா?”

ஒத்திகை பார்த்த வசவையெல்லாம் விட்டுவிட்டு, கைப்பேசியை எடுத்து மகளிடம் கொடுத்தேன். கழுவினேன்தான். ஆனால் கைப்பேசி எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. வண்டியில் ஏறியதும் அந்த ‘நீதான்டா’வைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். கோயில் மணி கேட்டால்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அதை அந்தப் பழைய படப் பக்கத்துக்கு அனுப்ப வைத்தேன். மகளின் ஓவியப் பாட ஃபோலியோவுக்கு நானே வாசகம் சொன்னேன்: ‘வரைந்தவர் என் தந்தை. நோக்கம், பழி. மாதிரியாக இருந்தவர் கடை முதலாளி சிங்காரம்.’ அந்த ஆளை ஓவியரிலிருந்து ரம்புத்தான் நிலைக்கு இறக்கியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இன்னும் குறையவில்லை.

திரும்பும்போது சுவரைக் காட்டலாம் என்று போனேன். பாலர் பள்ளி இருந்த இடத்தில் கார் கழுவும் கடை. லயம் இருந்த இடத்தில் ரோடு வரைக்கும் செம்பனை மரங்கள். விளம்பரம் எழுதும் கடையே அந்த வட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் அச்சடித்த பேனர். அந்த ‘நீதான்டா’ காதில் விழுந்தால் கை தட்டியிருக்கக்கூடிய ஆட்கள் யாரும் மிச்சமில்லை.

“ஊரு சிரிச்சதுக்கப்பறம் ஒங்க பாட்டிகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்,” என்றேன்.

மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அத்தன மூஞ்சி வரைய டைம் இருந்திச்சி. பாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்ல மட்டும் இல்லியாப்பா?”