ஜமால் பாய் டீமுக்கு நான் கட்டிய பிராது

ஜமால் பாய் போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலை, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில்.

ஜங்ஷன் ரோடு முனையில் பீங்கான் சாமான் கடை வைத்திருந்தாரே, அவர்தான். நம் தெருவில் பாதி வீட்டு ஊறுகாய் ஜாடி அவர் கடையில் வாங்கியதுதான்.

நேற்றே எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை... சமைத்தேன், துவைத்தேன், விளக்கேற்றினேன், அப்படியே படுத்துவிட்டேன்.

கடைக்கு முன்னால் அவர் பல வருஷம் மாலத்தீவில் இருந்தவர். அங்கே ஒரு ஃபுட்பால் கிளப்பில் ஜெர்சி துவைக்கிற வேலை. அந்த நாட்டின் முதல் டிவிஷனில் ஆடுகிற டீம்.

"முதல் டிவிஷன்னா பெருசுன்னு நெனைக்காத தங்கச்சி. மொத்த நாடும் வந்து உக்காந்தாலும் நம்ம மாசி மகத்துக் கூட்டம் தேறாது" என்பார்.

ஊருக்கு வந்தும் அந்த டீமை அவர் விடவில்லை. இந்த சீசன் தொடங்கியதிலிருந்து அது கடைசி இடத்தில் கிடந்தது. கடைசியாக வருகிற டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும்.

"எறங்குனா அவ்ளோதான். காசு போடுறவன் கைய வுட்டுடுவான், கிளப்ப மூடிடுவானுங்க. இப்ப அங்க துணி தொவைக்கிறவன் நான் சேத்துவுட்ட ஆளு, வேப்பூர்க்காரன். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க அவனுக்கு..." இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

சர்க்கரையில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்தால் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார். பால் வாங்கப் போகிறபோது நான்தான் போனில் ரிசல்ட் பார்த்துச் சொல்வேன்.

வீட்டுக் கணக்கு எழுதுகிற கை என்பதால் பாயின்ட் டேபிள் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. போட்ட கோல் வரவு, வாங்கிய கோல் செலவு. பாய் டீம் எப்போதும் மைனஸ்தான்.

ஒரு நாள், "ரெண்டுக்கு ஒண்ணு பாய், ஜெயிச்சிட்டோம்!" என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்தவர், போனவர், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டார்.

டீ வந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம். "தங்கச்சி, எந்தப் பக்கத்துலேருந்து படிச்ச?"

இடது பக்கத்திலிருந்துதான். வேறெப்படிப் படிப்பது?

"அடக் கடவுளே... அது மாலத்தீவு எழுத்தும்மா. எங்க குர்ஆன் மாரி வலது பக்கத்துலேருந்து படிக்கணும். தோத்திருக்கோம்!"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "வுடு. குடிச்ச டீயத் திருப்பியா கேக்க முடியும்? தோத்ததுக்கும் ஒரு டீ."

அப்புறம் கிருத்திகை வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் கடையில் நின்றேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நம் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை மனுவாக எழுதி முருகனிடம் கட்டலாம். அதற்குப் பிராது என்று பெயர். குறை தீர்ந்தால் திரும்பப் போய் ராஜினாமா கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

"பாய், ஒங்க ஒடம்புக்காக ஒரு பிராது கட்டப்போறேன்" என்றேன்.

"ஒடம்புக்கு நாங்க அல்லாகிட்ட கேட்டுக்கறோம். ஒங்க சாமிதான் ஆபீஸ் மாரி மனு வாங்குறாரே... டீமுக்குக் குடு."

"நல்லா இருக்குதே! முருகருக்கு ஃபுட்பால் தெரியுமா?"

"மயிலு மேல ஒலகத்தயே சுத்துனவரு. வழியில மாலத்தீவப் பாத்திருக்க மாட்டாரா?"

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா மும்தாஜ் அக்கா, "ஒடம்பப் பாருங்கன்னா பந்தப் பாக்குறாரு. நீயும் கூடச் சேர்ந்துகிட்டு..." என்று திட்டினார்.

கோயிலில் மனு எழுதுகிறவரிடம், "ரெண்டையும் சேத்து எழுதலாங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு மனுவுல ஒரு கொறைதாம்மா."

உடம்புக்குப் பாயே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரே. அவர் சொன்னதையே எழுதச் சொன்னேன். குறை இருக்கிற இடம் எவ்வளவு தூரம் என்றும் எழுத வேண்டுமாம். ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும் என்றேன்.

மனு எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, திட்டக்குடிக்கு அந்தாண்டயா?"

"கடலுக்கு அந்தாண்டங்க."

பாயிடம் இதைச் சொன்னபோது இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

அதற்குப் பிறகு டீம் மெதுவாக ஏறி வந்தது. பாய்தான் மெதுவாக... கடைசி மேட்ச் சனிக்கிழமை. டிரா செய்தால்கூடப் போதும் என்ற நிலைமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அடக்கம் முடிந்தது.

சனிக்கிழமை போனைப் பார்க்கக் கூடாதென்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். வலது பக்கத்திலிருந்து படித்தேன். ஒண்ணுக்கு ஒண்ணு. இடது பக்கத்திலிருந்தும் படித்தேன். அதேதான்.

மும்தாஜ் அக்கா வீட்டுக்குப் போய், "டிராக்கா" என்றேன்.

"அப்பிடின்னா?"

"டீம் எறங்கல."

அக்கா பாயின் போனை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு, "வேப்பூருக்கு ஒரு போனு போட்டுச் சொல்லிடு. அந்தத் தம்பி பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்கள வெச்சிகிட்டு காத்துக்கிட்டு இருக்கும்" என்றார். சொல்லிவிட்டேன். அந்தப் பெண் போனிலேயே அழுதது.

நாளைக்கு ராஜினாமா கொடுக்கப் போகிறேன். குறை தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டுவிடுவேன்...

போயிட்டு வாங்க பாய்.