சிரிக்கக் கூடாத படம்

என் வீட்டுக்காரர் ஃபிரெடியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் வினிகரில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஊறுகாய்க்கென்று நான் வாங்கி வைக்கும் வினிகர் இதுவரை ஒரு ஊறுகாயையும் பார்த்ததில்லை. எல்லாம் போட்டோ கழுவப் போய்விடும். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு வேலை. வாரமெல்லாம் கம்ப்யூட்டரை முறைத்துவிட்டு, சனிக்கிழமை விடிந்தால் கழுத்தில் ஃபிலிம் கேமராவை மாட்டிக்கொள்வார். அதுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஒரு ரோல் முடிவதற்குள் எனக்குப் பொறுமை முடிந்துவிடும்.

"செல்போன்லயே கறுப்பு வெள்ளை வருதே, ஒரு தட்டு தட்டினா போதும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"போன்ல எடுத்ததை நீ எப்பவாவது திரும்பப் பார்த்திருக்கியா, ஜோவி?" என்றார். பார்த்ததில்லைதான். அதற்காக அவரிடம் ஒத்துக்கொள்ள முடியுமா?

நாங்கள் மாடம்பாக்கத்தில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். கீழே வீட்டு ஓனர் சுப்பராயலு அங்கிளும் பச்சையம்மா ஆன்ட்டியும். இந்த ஊர்க்காரர்கள், அவர்கள் நெல் போட்ட நிலத்தில்தான் இன்று எங்கள் தெருவே இருக்கிறது. மொட்டை மாடிப் படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. "நீ வெச்சிக்கோ தம்பி" என்று சாவியை ஃபிரெடியிடம் கொடுத்தது ஆன்ட்டிதான். அதற்குள் ஒரு சிவப்பு பல்பையும் மூன்று பிளாஸ்டிக் டிரேயையும் வைத்துக்கொண்டு மனுஷன் ராஜா மாதிரி இருந்தார்.

போன வருஷம் அங்கிளுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் திரும்பி வந்தார், ஆனால் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் என் மிக்ஸி ஓடும்போதுகூட அவர் சிரிப்பு மாடிக்குக் கேட்கும். இப்போது கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தார். ஆன்ட்டியோ அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மோட்டார் போட்டுவிட்டு, டேங்க் நிரம்பும்வரை அங்கிள் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அங்கேதான் ஃபிரெடி அவரை ஒரு படம் எடுத்தார். பிரிண்ட் காய்ந்ததும் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அசந்துபோனேன். நேரில் பார்த்தால் அங்கிளின் ஆரஞ்சு டீ ஷர்ட்டும் பின்னால் இருக்கும் நீல டிரம்மும்தான் முதலில் கண்ணில் படும். இதில் அவர் முகம் மட்டும் இருந்தது. நரைத்த தாடியில் முள் முள்ளாக வெயில், கண்ணுக்குக் கீழே அந்த ஆஸ்பத்திரிக் களைப்பு. தினமும் பார்க்கிற மனிதரை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன் என்று தோன்றியது.

அதோடு விட்டிருக்கலாம். என் ஆள் அதைப் பெரிதாகப் போட்டு, கறுப்பு சட்டம் அடித்து, அங்கிளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார். நம் வீடுகளில் சட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு ஆள் தனியாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "கலர்ல ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் காதில் அது ஏறவில்லை. தன்னிடம் இருப்பதிலேயே நல்லதைக் கொடுக்கிறோம் என்ற பூரிப்பில் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஆன்ட்டி கோயிலுக்குப் போயிருந்தார். அங்கிள் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீறேன்" என்று சொல்லி, டிவி ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நாங்கள் படியேறிப் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம், கீழே ஆன்ட்டி அலறும் சத்தம் கேட்டது.

ஓடினோம். ஆன்ட்டி ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். கோயில் பூச்சரம் மடியில் கிடந்தது. வாசலில் நாற்காலி காலி, உள்ளே சட்டம் போட்ட படம். அந்த ஒரு நொடியில் அவர் மனசு எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பாத்ரூம் கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு அங்கிள் ஈரம் சொட்ட நின்றார். "இன்னாடி ஆச்சு? யாரு பூட்டாங்க?"

"நீதான்யா!"

அங்கிள் படத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பவில்லை. எழுந்து விரலை நீட்டிக்கொண்டு நேராக ஃபிரெடியிடம் வந்தார். "இன்னா வேலை பண்ணிக்கீற நீ? உசுரோட கீற மனுசனைச் சட்டத்துல மாட்டிட்டியே, உனுக்கு அறிவு கீதா?" அப்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

ஆமாம். திட்டு வாங்கிக்கொண்டே படம் எடுத்துவிட்டார் என் புருஷன். அந்த இடத்திலேயே அவரை உதைக்கலாம் போலிருந்தது.

"படமா புடிச்ச? அழி அத்த. என் கண்ணு முன்னால அழி."

"அழிக்க முடியாது ஆன்ட்டி. இது ஃபிலிம்."

"அப்ப வூட்டைக் காலி பண்ணு. இந்த மாசத்தோட."

நாங்கள் பெருங்களத்தூரில் புது அப்பார்ட்மென்ட்டாக ஏறி இறங்கினோம். "ஜன்னலே இல்லாத ரூம் இருக்குதா?" என்று ஃபிரெடி கேட்க, புரோக்கர் எங்களைப் போலீஸ் தேடும் ஆட்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வீட்டில் ஃபிரெடி சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்டோர் ரூம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். இத்தனை நாள் அந்த அறையை நான் திட்டாத திட்டில்லை. அது போகப்போகிறது என்றதும் நானே போய் அதைப் பெருக்கிவிட்டு வந்தேன்.

கடைசியில் அவரே கீழே போனார். "அன்னிக்கு எடுத்ததைக் கழுவிட்டேன் ஆன்ட்டி. நெகட்டிவ்ல ஆள் அடையாளம் தெரியாது. உங்க எதிர்லயே பிரிண்ட் போடறேன். ரெண்டையும் உங்க கையில தர்றேன், வெட்டிப் போட்டுடுங்க. அப்புறம் நாங்க கிளம்பறோம்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆன்ட்டி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். கையில் கத்திரிக்கோல். சிவப்பு வெளிச்சத்தில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்றோம். ஃபிரெடி நெகட்டிவ் வழியாக வெளிச்சம் காட்டிய வெள்ளைப் பேப்பரை மருந்து டிரேயில் போட்டு ஆட்டினார். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு விரல் வந்தது. ஆன்ட்டியின் விரல். அடுத்து அவருடைய திறந்த வாய். "த்தூ, ராட்சசி மாதிரி கீறேன்" என்று கத்திரியைத் தூக்கினார்.

அதற்குள் அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள் தெளிந்து வந்தார். இடுப்பில் துண்டு, நெஞ்சில் நீளமாக ஆபரேஷன் தழும்பு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.

ஆன்ட்டி டிரேமேல் குனிந்தார். "அன்னிக்கு இவரு சிரிச்சாரா?"

"நீங்க என்னைத் திட்டிட்டு இருந்தீங்க ஆன்ட்டி. உங்களுக்குப் பின்னால, சத்தம் வராமலே சிரிச்சாரு. அவர் சிரிச்சதைப் பார்த்ததும் கை தானா போயிடுச்சு."

"நான் பார்க்கலியே தம்பி" என்றார். குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்திரியை என் கையில் கொடுத்தார். "இத்த உள்ள வெச்சிட்டு வா. பெரிசா போடு தம்பி, ஹாலுக்கு."

இன்று அந்தப் படம் அவர்கள் டிவிக்கு மேலே தொங்குகிறது. கறுப்பு வெள்ளைதான், கறுப்பு சட்டம்தான். சொந்தக்காரர்கள் யாராவது முகம் சுளித்தால் ஆன்ட்டியிடம் பதில் தயாராக இருக்கிறது. "சண்டை போட்டுக்கினு கீற படத்துக்கு எவன் மாலை போடுவான்?" வீட்டைக் காலி செய்வது பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. நான் வினிகர் இரண்டு பாட்டிலாக வாங்குகிறேன்.

போன வாரம் ஆன்ட்டி அந்த முதல் படத்தைக் கொண்டுவந்தார். பழைய பட்டுப் புடவையில் சுற்றி பீரோவில் வைத்திருந்தாராம். "இதே அளவுல எனுக்கு ஒண்ணு எடு" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் அதே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார்.

"கொஞ்சம் சிரிங்க ஆன்ட்டி."

"இந்தப் படத்துக்கு சிரிக்கக் கூடாது தம்பி. அவரோடதுக்குப் பக்கத்துலயே வெச்சிடுவேன். யாருக்கு எப்ப வேணுமோ."

ஃபிரெடிக்குக் கேமராவைத் தூக்கவே கை வரவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு சுவிட்ச் பக்கத்தில் நின்ற அங்கிள்தான் பேசினார். "இன்னாத்துக்குடி அவசரம்? கியூல நான்தான் முன்னால கீறேன்."

ஆன்ட்டி அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பொங்கிச் சிரித்துவிட்டார். ஃபிரெடி க்ளிக் செய்துவிட்டார்.

"ஐயோ, அத்த அழிச்சிட்டு வேற எடு."

"முடியாது ஆன்ட்டி."

"தெரியும், தெரியும்" என்றார் ஆன்ட்டி, சிரிப்பு அடங்காமல். "யோவ், மோட்டாரை நிறுத்து, தண்ணி வழியுது."