பதினோரு ஃப்ரேம்

சோனியாவுக்கு என்ன வேலை என்று, தெருவெல்லாம் மராத்தி பேசும் கசார்வாடியில் யாராவது கேட்டால், அவள் அம்மா பவுன் தயங்காமல் சொல்வாள்: "கம்ப்யூட்டரைக் கூட்டிப் பெருக்கறா." அது பெரிய பொய்யும் இல்லை. நகரின் மறுகோடியில், மகர்பட்டாவில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து, கேமராக்கள் பதிவு செய்த அசைவுகளில் இருக்கும் குப்பையை நீக்குவதுதான் ஐந்து வருடமாக அவள் பிழைப்பு. அப்பா கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் இருந்தவர். அவர் போன பிறகு பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, பட்டறையில் போல்ட் எண்ணி, பிம்ப்ரியில் ஆறு மாத அனிமேஷன் வகுப்பு முடித்து அங்கே நுழைந்தாள். அந்த மாடியில் பட்டம் வாங்காதவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே ஒரு கோப்பைத் திறந்தால் கடைசிவரை பார்க்காமல் மூடமாட்டாள்.

அந்த வழக்கத்தை ஒரே ஒரு முறை விட்டாள்.

வேலை சீனத்திலிருந்து வந்திருந்தது. தென்கிழக்குக் கரையோர ஊர் ஒன்றில் கைப்பொம்மைக் கூத்து நடத்தும் ஒரு குழு தன் ஆட்டம் முழுவதையும் பதிவு செய்ய முடிவெடுத்திருந்தது. சுட்டுவிரல் பொம்மையின் தலைக்குள், கட்டைவிரல் ஒரு கைக்குள், மற்ற விரல்கள் இன்னொரு கைக்குள். அந்தக் குழுவின் யான்லிங் தன் விரல்களிலும் பொம்மையின் மார்பிலும் தோளிலும் பளபளக்கும் புள்ளிகளை ஒட்டிக்கொண்டு ஆடுவாள். சுற்றியிருக்கும் கேமராக்கள் புள்ளிகளைத் தொடரும். அந்தப் பதிவை வைத்து ஒரு செயலி வரப்போகிறது. கற்றுக்கொள்பவர்கள் அதன் முன் கையைக் காட்டினால், எந்த விரல் பிசகுகிறது என்று அது சொல்லிவிடும். மொத்தம் நாற்பத்தோரு கோப்புகள். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

திங்கட்கிழமை, சரிபார்ப்பதற்காக யான்லிங்கின் மேடை வீடியோ ஒன்றை சோனியா ஓட்டினாள். வீரன் பொம்மை வலக்கையை விட்டு மேலே பறந்தது. காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, இடக்கையில் வந்து கச்சிதமாகச் செருகிக்கொண்டது. கூட்டம் கத்தியது. சோனியா தன் கோப்பைத் திறந்தாள். அதில் அதே வீரன், கொடியில் தொங்கும் சட்டை காற்றில் நகர்வதுபோல ஒரு கையிலிருந்து மறு கைக்கு நேர்கோட்டில் போனான்.

பதிவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தாள். பறக்கும்போது பொம்மையின் புள்ளிகள் பதினோரு ஃப்ரேம்களுக்குக் காணாமல் போயிருக்கின்றன. காணாமல் போனதை மென்பொருளே நிரப்பிக்கொள்ள ஒரு கட்டம் உண்டு. மனிதர்கள் நடக்கும் பதிவுகளுக்கு எப்போதும் அதில் டிக் போடுவார்கள். கைப் பழக்கத்தில் நாற்பத்தொன்றுக்கும் சேர்த்து டிக் போட்டவள் அவள்தான்.

அலுவலகத்தில் அவளுடைய குழுத் தலைவன் சாய்கிருஷ்ணா, அதே நகரத்து நிக்டியில் பிறந்து வளர்ந்தவன். வீட்டைத் தாண்டினால் அவனுக்குத் தமிழ் தடுக்கும், மராத்தி கலக்கும்; அக்கா என்பதற்குத் 'தாயி' என்பான்.

"அரே தாயி, லெவன் ஃப்ரேம்! அரை செகண்ட்கூட இல்ல. யார் பாக்கும்?"

"கத்துக்கறவங்க பாப்பாங்க சார். பொம்மையைத் தூக்கிப் போடறதே இந்தக் கூத்துல இல்லன்னு நெனச்சுக்குவாங்க."

"ஒரிஜினல்லயே இல்லயே. எங்கேந்து கொண்டு வரும்?"

"அவங்களத் திரும்ப ஆடச் சொல்லலாம்."

"ஆடினா மறுபடி மிஸ் ஆகும். ஏன் மிஸ் ஆச்சு? தெரியுமா உனக்கு?"

தெரியவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றாள்.

அதே போல ஒரு பொம்மை செய்து எறிந்து பார்க்க, யான்லிங்கிடம் அளவும் எடையும் கேட்டு வாங்கி, மறுநாள் காலையிலேயே அண்ணன் தங்கராஜின் பட்டறையில் போய் நின்றாள். அவன் நைலான் உருளையை லேத்தில் மாட்டினான்.

"தலைக்குள்ள இன்னா வரணும்?"

"ஒண்ணும் வேணாம்ணா. விரல் போற ஓட்டை மட்டும்."

"அப்ப உன் தலையவே அளவெடுத்துக்கலாமே!"

அந்தத் தலையோடு துணியால் உடம்பும் பூட்ஸ் காலும் சேர்த்து, யான்லிங் ஒட்டிய அதே இடங்களில் புள்ளி ஒட்டி, அலுவலகத்தின் கேமரா அறையில் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். பொம்மை தரையில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒரு புள்ளிகூடத் தொலையவில்லை. வீடியோவை மறுபடி பார்த்தாள். யான்லிங்கின் வீரனுக்குக் கால்வரை தொங்கும் அங்கி இருந்தது. இவளுடையது அம்மணமாகப் பறந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை பவுன் தையல் மெஷினில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது, முப்பத்தஞ்சு வயசுல பொம்மைக்குப் பாவாடையா? புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற கைடி இது."

"பாவாடை இல்லம்மா, அங்கி. அவன் தளபதி."

"தளபதியா இருந்தா இன்னா, ஓரம் அடிக்கலன்னா பிரிஞ்சுக்கும். தள்ளு."

வியாழக்கிழமை அங்கியோடு எறிந்தாள். பொம்மை தலைகீழான அந்த நொடியில் அங்கி கவிழ்ந்து மார்பையும் தோளையும் மூடியது. திரையில் புள்ளிகள் அணைந்தன. சோனியா கத்திய கத்தலில் சாய்கிருஷ்ணா ஓடிவந்தான். அவள் புள்ளிகளைப் பிய்த்து, அங்கி எட்டாத இடங்களில் ஒட்டினாள்: இரண்டு உச்சந்தலையில், ஒவ்வொரு பூட்ஸின் அடியிலும் ஒன்று. எறிந்தாள். பொம்மை மேசைக்கு அடியில் போய் விழுந்தது. திரையில் நான்கு புள்ளிகளும் கடைசிவரை எரிந்தன. சாய்கிருஷ்ணா பொம்மையை எடுத்துக் கொடுத்து, "இன்னொரு தடவை" என்றான்.

மாலையில் யான்லிங்குக்குக் கடிதம் எழுதினாள். சாய்கிருஷ்ணா அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"'தவறு என்னுடையது'ன்னு ஏன் போடற? சாஃப்ட்வேர்னு போடு."

"டிக் போட்டது சாஃப்ட்வேரா?"

புள்ளி ஒட்ட வேண்டிய இடங்களைப் படம் வரைந்து இணைத்தாள். பொம்மையை அறுபது முறை தவறவிட்ட வீடியோவையும், 'அங்கி அம்மா தைத்தது' என்ற ஒரு வரியோடு, சேர்த்தாள். சாய்கிருஷ்ணா தலையில் கைவைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது புதிய கோப்பு வந்திருந்தது. யான்லிங் விடிந்ததும் ஆடி அனுப்பியிருந்தாள். கூடவே சில வரிகள்: "மற்றக் கோப்புகளிலும் இப்படி இருக்கலாம். எத்தனை இருந்தாலும் மறுபடி ஆடித் தருகிறேன். ஒப்படைப்பை இரண்டு வாரம் தள்ளி வைத்துவிட்டோம். உங்கள் பொம்மையின் அங்கி முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் அளவு இருந்தால் போதும், அம்மாவிடம் சொல்லுங்கள்."

சோனியா கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு ஓட்டினாள். வீரன் எழும்பினான், சுழன்றான், மறுபடி சுழன்றான், இடக்கையில் உட்கார்ந்தான். பதினோரு ஃப்ரேமும் இருந்தன.

"முடிஞ்சுதா?" என்றான் சாய்கிருஷ்ணா.

"ஒண்ணு முடிஞ்சுது சார். இன்னும் நாப்பது எடத்துல டிக் போட்டு வெச்சிருக்கேன்."

அவள் இரண்டாவது கோப்பைத் திறந்தாள்.