வாலில் டி.வி.ஐ. என்று வந்த ஃபைல்

தாஜுதீன் தன் மச்சினன் பைரோஸுக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பைரோஸ் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய அந்தப் பணத்தில்தான் இலுப்பூர் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்க முதல் கம்ப்யூட்டர் வாங்கினார். பதினாலே மாதத்தில் பைசா பாக்கியில்லாமல் அடைத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனுஷர், கீபோர்டைப் பார்க்காமல் தமிழ் அடிப்பார். கடைக்கு இப்போது வயது இருபத்தாறு. படித்தவர்கள் திணறுகிற ஃபைலெல்லாம் கடைசியில் அவர் கடைக்குத்தான் வரும்.

போன வியாழக்கிழமை காலை, விராலிமலை ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் நாகராசு ஒரு பென் டிரைவோடு வந்தார். அதில் கடலை உடைக்கும் மெஷினின் அளவுக் குறிப்பு இருந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்து நாற்பது ஷாஃப்ட் கடைந்து சனிக்கிழமை கொடுக்க வேண்டும். இரும்பு வாங்கிப் போட்டாயிற்று. ஃபைல்தான் திறக்கவில்லை.

"பி.டி.எஃபா அனுப்பச் சொல்ல வேண்டியதுதானே, தம்பி?"

"அமெரிக்காவுல மகன் வீட்டுல இருக்காரு பாய். அங்கிட்டு இப்ப ராத்திரி, ஃபோன எடுக்க மாட்டேங்கிறாரு."

"சரி, உக்காருங்க. எங் கடையில தெறக்காத ஃபைல் இனிமேத்தான் பொறக்கணும்."

ஃபைல் பெயரின் வாலில் டி.வி.ஐ. என்று இருந்தது. தாஜுதீன் அதைப் பார்த்ததே இல்லை. காட்டிக்கொள்ளவில்லை. இணையத்தில் தேடி இலவசம் என்று போட்டிருந்த ஒன்றை இறக்கினார். அது ஃபைலைத் திறக்காமல் ரம்மி விளையாட்டைத் திறந்தது.

"இது எதுக்கு பாய்?"

"சும்மா இருங்க தம்பி, வழி பாத்துக்கிட்டிருக்கேன்."

அதைத் துடைத்தெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இந்த மாதிரி ஃபைலைப் படிக்க, அதை உருவாக்கிய அச்சுக்கோப்பு மென்பொருளையே மூட்டையாக இறக்க வேண்டும். இறக்கினால் டிஸ்கில் இடமில்லை. மூன்று வருடத்துக் கல்யாண ஆல்பங்களை வேறு டிஸ்குக்கு மாற்றினார். மாற்றிவிட்டு மறுபடி இறக்கினார். நடுவில் ஒரு பெட்டி எழும்பி இன்னும் ஏதோ இறக்கட்டுமா என்று கேட்டது. ரம்மியில் சூடுபட்டவர் 'வேண்டாம்' என்று அமுக்கினார்.

ஒரு மணிக்கு ஃபைல் திறந்தது. படமும் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன.

"அப்பாடா. அடிச்சுக் குடுங்க பாய், லேத்த ஓட விட்டுருவேன்."

தாஜுதீன் பிரிண்ட் போடவில்லை. ஷாஃப்டின் கனம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்ற அளவுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம், அதையடுத்து 0.02.

"இந்தக் கட்டம் என்ன?"

"கூட்டல் குறியா இருக்கும்."

"இருக்கும்னு நெனச்சு நாப்பது ஷாஃப்ட் கடைவீங்களா? மாப்பிள்ளை பேருக்குப் பதிலாக் கட்டம் விழுந்த பத்திரிகைய நான் குடுத்தா வாங்குவாங்களா?"

"எழுத்துத்தான் தெரியுதே பாய். நேரம் போகுது."

"ஃபைல்ல கோளாறு இல்ல. ஃபாண்ட் இல்ல. இந்தக் கட்டத்த இருபத்தாறு வருஷமாப் பாக்குறேன்."

எழுத்துக்கு ஒரு ஃபாண்ட், குறிகளுக்கு இன்னொன்று. அந்த இன்னொன்றைத்தான் பெட்டி கேட்டிருக்கிறது. அதைத் தடுத்தது தன் விரல்தான் என்று நாகராசுவிடம் சொல்லவில்லை. மறுபடி நிறுவினார். பெட்டி எழும்பியபோது இந்தத் தடவை 'சரி' என்று அமுக்கினார். கட்டம் இருந்த இடத்தில் கழித்தல் குறி வந்து உட்கார்ந்தது.

நாகராசு திரையை உற்றுப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் இருந்தபடியே சுவரில் சாய்ந்தார். "கூட்டிக் கடைஞ்சிருந்தா ஒண்ணுகூட பேரிங்குக்குள்ள ஏறியிருக்காது."

பன்னிரண்டு பக்கம் பிரிண்ட் விழுந்தது.

"பக்கம் அஞ்சு ரூவான்னா அறுவது, இல்லையா பாய்?"

"பேப்பருக்கு அறுவது. பாத்த வேலைக்கு நானூத்தி நாப்பது."

"என்ன பாய், எங் கூலியவிட ஜாஸ்தியா இருக்கு."

"நாப்பது ஷாஃப்ட் இரும்பு என்ன வெலை?"

நாகராசு சிரித்துவிட்டார். "ஃபோன்ல போட்டு விடவா?"

"கையில குடுங்க."

தாஜுதீன் உள்ளங்கையை விரித்தார். நாகராசு நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஐந்தையும் அதில் வைத்தார்.