குளிருக்கு நான் எழுதிய தமிழ்

முதலில் அந்த விளையாட்டைத் திட்டிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

ஒரு ஆள், தனி ஆள், உலகத்தின் வடகோடியில் பனி மூடிய ஒரு வானிலை நிலையத்தில் மாட்டிக்கொள்கிறான். கூட வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. வெளியே ஏதோ ஒன்று நடமாடுகிறது. அது என்னவென்று முதல் நான்கு மணி நேரத்துக்குக் காட்டவே மாட்டார்கள். அதுவரை நம் கதாநாயகன் அலமாரி அலமாரியாகத் திறந்து தகர டப்பா உணவு தேடுவான், பனியை அள்ளி வந்து உருக்குவான், நாற்காலியை உடைத்து அடுப்பில் போடுவான். இதற்குப் பெயர் விளையாட்டு. எங்கள் தெருப் பெண்கள் யாரையாவது கூப்பிட்டு, தண்ணீர் கொண்டுவந்து, அடுப்பு மூட்டி, இருப்பதை வைத்துச் சமைப்பதுதான் ஆட்டம் என்று சொன்னால் செருப்பைத் தேடுவார்கள்.

மெல்லப் பற்றும் திகில் என்று அதை உலகமே மெச்சுகிறதாம். ஈர விறகும் மெல்லத்தான் பற்றுகிறது. அதை யாரும் மெச்சி நான் பார்த்ததில்லை.

இத்தனை வாய் பேசுகிற நான்தான் அதற்குத் தமிழ் எழுதினேன். வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், மிக்ஸி கையேடு, பள்ளிக்கூட வீடியோ என்று எது வந்தாலும் செய்வேன். ஒரு சித்திரை மாதத்தில் இது வந்தது. செஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பாறை. பகலெல்லாம் சூடேறி, விளக்கு வைத்த பிறகும் அனலை வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்தாலும் அனல், மூடினாலும் புழுக்கம். அதில் உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் துடைத்துத் துடைத்து, 'உங்கள் விரல்கள் உணர்விழக்கின்றன' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

வரிகள் அட்டவணையாக வரும். யார் யாரிடம் சொல்கிறார்கள், எந்த இடத்தில் என்று எதுவும் இருக்காது. நான் எழுதியதைச் சரிபார்க்க ஒருவர் இருந்தார். எந்த ஊரோ, முகம் பார்த்ததில்லை. அவருக்குத் தமிழ் தெரியும் என்பதற்கு அவருடைய பதவியைத் தவிர வேறு சான்று கிடையாது. அடுப்பு அணைகிற இடத்தில் 'நெருப்பு குளிர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். விளக்கை அணை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், குளிர வை என்றுதான் சொல்வோம். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. 'நெருப்புக்குக் குளிருமா?' என்று பக்கத்தில் சிவப்பில் எழுதி, ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தார். கேள்வியைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தச் சிரிக்கிற முகத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

தமிழும் இந்த வேலைக்கு ஒத்துழைக்கவில்லை. நல்லது நடந்தால் நமக்கு மனம் குளிர்கிறது. பிள்ளைகளைக் கண் குளிரப் பார்க்கிறோம். மழை பெய்தால் அம்மன் குளிர்ந்துவிட்டாள் என்கிறோம். வெயிலில் காய்ந்து கிடந்தவர்கள் பேசிப் பேசி உண்டான மொழி, குளிர் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறது. இதை வைத்துக்கொண்டு குளிரைக் கண்டு நடுங்க வை என்றால் எப்படி நடுங்க வைப்பது?

எழுதியதெல்லாம் திரையில் சரியாக வருகிறதா என்று யாராவது விளையாடிப் பார்க்கவேண்டும் என்பது வேலை கொடுத்த கம்பெனி போட்ட நிபந்தனை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வீட்டில் வெட்டியாக இருந்தது என் அண்ணன்தான்.

அண்ணன் பட்டாளத்தில் இருந்தவன். வடக்கே பனிமலைக் காவலில் இடது கால் விரல் மூன்றைக் கொடுத்துவிட்டு, சர்வீஸ் முடியும் முன்பே திரும்பி வந்தவன். வந்ததிலிருந்து கம்ப்யூட்டரும் அவனும்தான். அவன்மேல் எனக்கு இருந்த இளக்காரத்துக்கு அதுகூடக் காரணமில்லை. காரணம் ஒரு போன்.

அவனோடு அதே காவலில் இருந்த கூட்டாளி அவலூர்பேட்டைக்காரன். இவன் திரும்பி வந்தான், அவன் வரவில்லை. அவனுடைய அம்மா மாதம் ஒருமுறை போன் செய்வார். அண்ணன் எடுக்கமாட்டான் என்று தெரிந்து என் போனுக்கே செய்வார். கேட்பது ஒன்றுதான்.

"எம்புள்ள கடைசியா இன்னா சொன்னான்னு உங்கண்ணனக் கேக்கணும்மா. கூட இருந்தது அது ஒன்னுதான்."

அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டுவான். "வெளிய போயிருக்குதும்மா, வந்தா சொல்றேன்," என்பேன். அந்த அம்மா ஒருமுறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. "செரிம்மா, வரட்டும்," என்று வைத்துவிடுவார். ஆறு வருஷமாக இதே நாடகம். அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. துப்பாக்கி பிடித்த கை, பெற்றவளுக்கு ஒரு பதில் சொல்ல நடுங்குகிறதே என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன். கோழை என்றும் சொல்லியிருக்கிறேன். அவன் திருப்பிப் பேசமாட்டான். திருப்பிப் பேசாதவனைத் திட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விளையாட்டை அவனிடம் கொடுத்தபோது, "அங்க பட்டது போதாதா? மறுபடியும் பனியா?" என்று கேட்டேன்.

"இதுல செத்தா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்," என்றான்.

அவனுக்கும் அதன்மேல் மரியாதை இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. "இங்க பாரு, கையுறையக் கழட்டிட்டு இரும்புக் கதவப் புடிக்கிறான். தோலு பிச்சிக்கினு வந்துடும்," என்றான். கதாநாயகன் அறையைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் இரண்டு நாள் இருந்தால், "இந்தப் பொகையில இருந்தவன் துப்புனா கருப்பா வரணும். இவன் மூஞ்சி பாரு, கல்யாண மாப்ள மாதிரி," என்றான். ஒருவழியாக வெளியே நடமாடுகிற பூதம் ஜன்னலில் முகம் காட்டியபோது கொட்டாவி விட்டான். "இது எதுக்கு நடுவுல? குளிரே போதுமே." வந்த நாளிலிருந்து அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சமையலறையிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போய் வந்ததும் மறுபடி உட்கார்ந்தான். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் குளிர் ஏற ஏறத் திரையின் ஓரத்தில் ஒரு வரி மாறிக்கொண்டே வரும். உடல் நடுங்குகிறது என்று முதலில் வரும், பிறகு விரல், பிறகு நடை. கடைசியாக ஒரு படி உண்டு. அது வந்தால் சில நிமிடங்களில் ஆள் காலி. அந்த இடத்து ஆங்கில வரிக்கு, உங்களுக்கு இனிக் குளிர் தெரியாது என்று பொருள். முந்நூறு வரி எழுதிய அலுப்பில் நான் என்ன எழுதித் தொலைத்தேன் என்பது திரையில் வந்து நின்றது.

உங்களுக்குக் குளிர் விட்டுப்போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. செத்துக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து, உனக்குப் பயம் போய்விட்டது, கொழுப்பு ஏறிவிட்டது என்று அதட்டுகிற மாதிரி இருந்தது. நெருப்புக்குக் குளிருமா என்று கேட்ட மேதாவி, இதற்குப் பிழையில்லை என்று குறி போட்டு அனுப்பியிருந்தார். அதை நினைக்க இன்னும் சிரிப்பு வந்தது.

"சிரிக்காத," என்றான் அண்ணன். கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்திருந்தான். திரையில் இருந்த ஆள் மண்டியிட்டுச் சாய்ந்தான். "இத உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் தப்பா எழுதிட்டேன். மாத்திடறேன்."

"அவனும் அதத்தான் சொன்னான்."

எவன் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் தானாகவே சொன்னான். புயலில் இருவரும் மற்றவர்களிடமிருந்து பிரிந்து, ஒரு பாறை இடுக்கில் ஒண்டியிருக்கிறார்கள். ஆட்கள் தேடி வருகிற தகவல் வயர்லெஸ்ஸில் வந்துவிட்டது. கூட்டாளி வெகுநேரம் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். பிறகு நடுக்கம் நின்றிருக்கிறது. கோட்டின் ஜிப்பைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டுக்கொண்டானாம்.

"'எனக்குக் குளிர் உட்டுப்போச்சுடா'ன்னான். நான் சிரிச்சேன். 'உனக்கு அவலூர்பேட்டையிலயே உட்டுப்போச்சேடா'ன்னேன். அவனும் சிரிச்சான். அப்பறம் ஒன்னும் பேசல. தூங்கறான்னு நெனச்சிட்டேன்."

"இதெல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லித் தரலியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"சொல்லித் தந்தாங்க. நடுக்கம் நின்னு, சூடா இருக்குதுன்னு ஒருத்தன் சொன்னா அவன உடக்கூடாது, தூங்க உடக்கூடாது, கட்டிப் புடிச்சாவது வெச்சிக்கணும்னு. எல்லாம் இந்தியில சொல்லித் தந்தாங்க. அவன் இந்தியில சொல்லிருந்தா நான் புடிச்சிருப்பேன். தமிழ்ல சொன்னான். கிண்டல் பண்றான்னு நெனச்சிட்டேன்."

ஆறு வருஷமாக அவன் விழுங்கிக்கொண்டிருந்தது இதுதான். உங்கள் பிள்ளை சாகும்போது நான் சிரித்தேன் என்று பெற்றவளிடம் எப்படிப் போய்ச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. அவனைத் தொடவேண்டும்போலவும் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் நின்றுகொண்டே இருந்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கிற வாயா?

"இத எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? கேட்டது அவங்க," என்றேன்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நீயும் கூட வா," என்றான்.

அந்த வரியை அன்று மாலையே 'குளிர் தெரியவில்லை' என்று மாற்றி அனுப்பினேன். முன்பிருந்ததே இயல்பாக இருந்தது என்று சரிபார்ப்பவர் பதில் எழுதினார். அந்த ஆளுக்கு அதற்கு மேல் ஒரு எழுத்துகூடச் செலவழிக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் காலை அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினோம். காலிச் சாக்குகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு சந்தை வியாபாரிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஷூ போட்டிருந்தான், இடது ஷூவில் விரல் இல்லாத இடத்தில் துணி திணித்திருந்தான். இரண்டு நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்பதுபோல என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. அந்த அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரே போய் நின்றதும் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"வா தம்பி. சாப்டியா?" என்றார்.

அவன் உட்காரவில்லை. நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னான். பாறை இடுக்கு, ஜிப்பு, கூட்டாளி சொன்னது, இவன் சிரித்தது, அவன் சிரித்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். முறத்தைத் தூக்கி எறிவாரோ, மண்ணை வாரித் தூற்றுவாரோ என்று நான் ஒரு அடி முன்னால் வந்து நின்றேன்.

"நடுக்கம் நின்னுடுச்சா அவனுக்கு?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சும்மா."

"சூடாவா இருந்துச்சு?"

"அப்டித்தான் இருந்திருக்கும். அதான் ஜிப்ப எறக்கிட்டான்."

சிரித்ததைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டுவிட்டு, முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்தார்.

"நடுங்கிக்கினே போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "ஆறு மார்கழி நான் போர்வையத் தொடல தம்பி. எம்புள்ள குளிர்ல கெடந்து போச்சு, எனக்கு இன்னா போர்வைன்னுட்டு. இத முன்னாடியே யாராவது சொல்லிருக்கலாம்."

அண்ணன் அழுதான். நான் அழவில்லை, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆறு வருஷமும் அவன் கையை மட்டும்தான் ஆட்டினான், வீட்டில் இல்லை என்று வாயால் சொன்னவள் நான்.